கீழ்ப்படிதலின் பலனைப் பணத்தால் அளக்காதீர்கள்

தேவனுடைய கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தால் வீடும் வாகனமும் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கிக்கப்பட்டதை உங்களில் பலர் நேரில் கேட்டீர்கள். அதில் "குறைவு இருக்கிற வீட்டில் எங்கோ கீழ்ப்படியாமை இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேலை இழந்தவர்களும் பிள்ளையின் வைத்தியத்துக்காகக் கடன்பட்டவர்களும் உட்கார்ந்திருந்த சபையில் இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது?

தேவனுடைய கட்டளைகளால் நன்மை உண்டு என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவை நம் நன்மைக்காகவே கொடுக்கப்பட்டவை என்று வேதாகமத்தில் உபாகமம் 10:13 சொல்லுகிறது. ஆனால் அந்த நன்மை பிற்பாடு கணக்குப் பார்த்து வாங்கும் கூலி அன்று, கைக்கொள்ளும்போதே உண்டாவது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, நிறையிலும் அளவிலும் அநியாயம் செய்யாதே என்கிறது லேவியராகமம் 19. இதற்குக் கீழ்ப்படிந்தால் அன்று இரவே இன்னொருவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான். வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்பதே அது.

என் தகப்பனார் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். தொகை எழுதாத ரசீதில் முதலில் கையெழுத்தைப் போடச் சொன்னார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று, அதைப் பெற்றவர் நன்றாகவே வாழ்ந்தார். எங்கள் வீட்டில் குறைவு இருந்தது, உண்மைதான். ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மாவின் முகம் மாறியதில்லை. அப்பா வாங்கிய கடனுக்கு யாரும் பத்திரம் கேட்டதில்லை. இதுவா கீழ்ப்படியாமையின் அடையாளம்?

உபாகமம் 28 களஞ்சியத்தையும் மந்தையையும் வாக்களிக்கிறதே என்பீர்கள். வாக்களிக்கிறது, ஒரு முழு ஜனத்துக்கு. எல்லாரும் கள்ளத் தராசை விட்டுவிட்டு அன்றன்றைய கூலியைக் கொடுத்தால் தேசம் செழிக்காதா? அதை எடுத்து ஒரு தனி மனிதனின் வீட்டை அளக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டாரே!

கடவுளை நம்பாதவர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. கட்டளை என்றாலே அடிமைத்தனம் என்பவர்கள் மட்டும் யாத்திராகமம் 20ஐத் திறந்து பார்க்கட்டும். அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்று சொன்ன பிறகே முதல் கட்டளை வருகிறது.

என் கவலையெல்லாம் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றியது. கீழ்ப்படிந்தால் வீடு வரும், வாகனம் வரும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தால், உண்மை பேசி முதல் இழப்பைச் சந்திக்கும் நாளில் அவர்கள் தேவனையே பொய்யராக எண்ணுவார்கள். அதற்கு அவர்களிடம் யார் பதில் சொல்வது?