அது காணிக்கை இல்லைங்க, பேகன் கொடுத்த போர்வை

மயிலுக்குப் போர்வை போர்த்தும் சிலையின் படத்துக்குக் கீழே, “முருகன் வாகனம் என்று ஒரு ராஜா பட்டு சாத்தினார், குளிரில் நடுங்கியது என்பதெல்லாம் பிற்காலக் கதை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்புங்க.

அவன் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆவியர் குடி, நம்ம பழனி மலைப் பக்கம்தான் அவன் நாடு. புறநானூறு 145இல் பரணர் “மடத்தகை மாமயில் பனிக்கும்என்று அருளி” என்றே பாடுகிறார். நடுங்குமே என்று இரங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான். முருகன் பேச்சே அங்கு இல்லை. 141இல் இன்னும் தெளிவு: மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான், அவன் கொடை மறுமையைப் பார்த்ததல்ல, பிறர் வறுமையைப் பார்த்தது. அப்புறம் காணிக்கை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று, அதிகம் பேர் சொல்லாதது. அந்த 145ஆம் பாட்டே, மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த பேகனிடம் போட்ட வழக்கு (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு). “பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில்” என்கிறார் பரணர். மயிலுக்கு இரங்கியவனை அந்த மயிலை வைத்தே மடக்குகிறார், கில்லாடி மனுஷன்!