கணக்குப் பாடத்தில் ஆந்தைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு

டீச்சர் ஆந்தையை வைத்துக் கணக்குப் பாடம் நடத்தியதற்காகப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓடும் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுதினால் கோபத்தில் வார்த்தை தடித்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டது இதுதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தை தங்கும் பெட்டி பத்து ஹெக்டருக்கு ஒன்று என்றால் 640 ஹெக்டருக்கு எத்தனை பெட்டி? பெட்டிக்கு ஓர் இணை, ஓர் ஆந்தை இரவுக்கு இரண்டு எலி என்றால் முப்பது நாளில் எத்தனை எலி?

7,680 என்று விடை எழுதிவிட்டு என் மகள் கேட்டாள்: "அவ்வளவு எலி இருக்காம்மா? தீர்ந்துபோனா ஆந்தை என்ன சாப்பிடும்?" பெருக்கல் போட்ட பிள்ளை தானாகவே உணவுச் சங்கிலிக்குள் போய்விட்டாள். இதைவிட ஒரு கணக்குப் பாடம் என்ன செய்ய வேண்டும்?

சரி, டீச்சர் பிள்ளைகளிடம் பிரிக்கக் கொடுத்த எலும்பு உருண்டை விஷயத்துக்கு வருகிறேன். ஆந்தை பெரும்பாலும் எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பிரித்து மண்டை ஓட்டை எண்ணினால் தின்ற எலியின் கணக்கு தெரியும். பிள்ளைகள் கையுறை போட்டு எண்ணினார்கள், சராசரி எடுத்தார்கள், பட்டைக் குறிவரைவு வரைந்தார்கள். எலிக் காய்ச்சல் வருமே என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான பயம். அடுத்த முறை அடுப்பில் நன்றாகச் சூடாக்கிவிட்டுக் கொடுங்கள் என்று கேட்போம்.

ஆனால் "சோதனைக்கு வருமா?" என்கிறவர்களுக்கு என்ன சொல்வது? ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனையான யூபிஎஸ்ஆரை 2021இல் எடுத்தாயிற்று. இன்னும் யாருக்காகப் பழைய கேள்வித்தாளைப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறோம்? ஆந்தை ஆகாத பறவை என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

எனக்கு வலித்தது வேறொரு வரி. "டவுன் பள்ளியில் ரோபோட் செய்கிறார்கள், நம்ம பிள்ளைகள் இன்னும் தோட்டத்தையே கட்டிக்கொண்டு அழணுமா?"

என் அப்பா செம்பனை வெட்டியவர். எலி கடித்த குலையைத் தூக்கிக் காட்டித் திட்டுவார். எண்பதுகளில் எலிகள் வார்ஃபரின் என்ற எலி விஷத்துக்கே பழகிப்போய்ச் சாகாமல் திரிந்ததும், தோட்டங்கள் ஆந்தையை நம்ப ஆரம்பித்ததும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பள்ளியில் எனக்குக் கிடைத்த கணக்கெல்லாம் அலியிடம் எத்தனை ஆப்பிள் என்பதுதான். எங்கள் லயத்துக்குத் தீபாவளிக்குக்கூட ஆப்பிள் வராது. அப்பாவின் வேலையில் அறிவியல் இருக்கிறது என்று ஒருவராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால், பள்ளிப் பாரத்தில் அவர் தொழிலை எழுத நான் கூசியிருக்க மாட்டேன். கிராணி (தோட்டக் கணக்கர்) கொடுத்த சம்பளச் சீட்டைச் சரிபார்க்கத் தெரியாமல் அவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தை வைத்தே அவர் பேத்தி இன்று கணக்கு போடுகிறாள். இதையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?

மலேசியாவில் காட்டுப்புலி 150க்கும் குறைவு என்று 2022இல் அரசாங்கமே சொன்னது. நம் பிள்ளைகள் அதையும் எண்ணக் கற்கட்டும். யார் எண்ணுவார்கள், டவுன் பிள்ளைகள் மட்டுமா?

டீச்சரை அழைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். பாடம் நடத்தியதற்கு விளக்கம்! வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நான் வருகிறேன், மகளின் கணக்கு நோட்டோடு. புலனத்தில் எழுதியதை அங்கே டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.