ஸ்டாமை விற்ற கதை

நெதர்லாந்து கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாம் பற்றிய உங்கள் கட்டுரையில், 2001ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை விற்றதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! ஸ்வோலேயில் தொடங்கி கம்பூர், வில்லம், பிஎஸ்வி என்று நெதர்லாந்து கிளப்புகளில் படிப்படியாக ஏறி, 1999ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்த ஆள். சுயசரிதை வெளியான கையோடு இத்தாலியின் லாசியோ கிளப்புக்குத் தள்ளிவிட்டார்கள். யுனைடெட் மேலாளர் பெர்குசன் அதைச் சொன்னது பெட்ரோல் பங்கில், காருக்குள் உட்கார்ந்து என்று ஸ்டாமே சொல்லியிருக்கிறார். பதிலுக்கு வந்த பிரெஞ்சு தடுப்பாட்டக்காரர் லோரான் பிளாங்குக்கு அப்போதே 35 வயது! விற்றது தப்பு என்று பெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

பிறகு மிலன், கடைசியில் அயாக்ஸ். 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 3-0 முன்னிலையைக் கோட்டைவிட்ட மிலன் தடுப்பு வரிசையிலும் இவர் இருந்தார். 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் இவர் வானத்துக்கு அடித்த பெனால்டியை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.