ஏதோ ஒரு குருவி

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற என் மகளுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா, அது என்ன சத்தம்?" என்றாள். டொக்... டொக்... டொக்... என்று ஒரே தாளத்தில், இடைவெளி மாறாமல், எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. "யாரோ எதையோ தட்டுறாங்கம்மா" என்றேன். "இல்லைப்பா, மரத்துல இருந்து வருது." "அப்படின்னா ஏதோ ஒரு குருவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

இந்தப் பதிவு அந்த 'ஏதோ ஒரு குருவி'யைப் பற்றித்தான். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்த பதில் அது. எத்தனையோ வீடுகளில் தினமும் வந்துகொண்டிருக்கிற பதிலும் அதுதான். 'ஏதோ ஒரு மரம்', 'ஏதோ ஒரு பூச்சி, தொடாதே', 'ஏதோ ஒரு பாம்பு, அடி'. குழந்தை கேட்பதை நிறுத்துகிற வரைக்கும் இப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் ஒருநாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இயற்கை மேல் அக்கறையே இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

என் மகள் அன்று விடவில்லை. அரை மணி நேரம் சுவரோரமாக நின்று தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து மனையில் ஒரு கிழட்டு முருங்கை. அதில் பட்டுப்போன கிளை ஒன்று. அதன் நுனியில் சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிதாக, குண்டாக ஒரு பறவை. பச்சை உடம்பு. நெற்றியில் குங்குமத்தை அப்பியது போலச் சிவப்பு, தொண்டையில் மஞ்சள், அதற்குக் கீழே மார்பில் மறுபடியும் சிவப்புப் பட்டை. அலகைத் திறக்காமலே கத்துகிறது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை உப்பி அடங்குகிறது. கத்தும்போதே தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குப் பிடிபடாமல் போவது அதனால்தான். செம்மார்புக் குக்குறுவான். பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. நாற்பது வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஏதோ பட்டறைச் சத்தம், ஏதோ மோட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பறவை ஆய்வாளர் சலீம் அலியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதில் நாம் கவனிக்காமல் விடுகிற இருவர் உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாயில், பள்ளிக்கூடம் போகிற சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான் அவன். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன என்று மாமாவிடம் கேட்டான். மாமா வேட்டைக்காரர்தான், ஆனாலும் அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை மழுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராக இருந்த மில்லார்டிடம் பையனை அனுப்பிவைத்தார். மில்லார்டும் ஒரு பொடியன்தானே என்று விரட்டிவிடவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னதோடு, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அந்தப் பையன் 1987இல் மறையும்வரை பறவைகளை விடவில்லை. நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும் பகுதி அவர் உழைப்பு. மாமா மட்டும் 'ஏதோ ஒரு குருவிடா, போய்ப் படி' என்று சொல்லியிருந்தால்?

எல்லாப் பிள்ளையும் சலீம் அலி ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'தெரியலை, வா பார்ப்போம்' என்கிற ஒரு பதிலைத்தான் பெரியவர்களிடம் கேட்கிறேன். பறவை நூல் எதையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. தெரியாது என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சம், சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பென்குயின் என்று படம் பார்த்து மூன்று வயதிலேயே பிள்ளைகள் பெயர் சொல்கின்றன. சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் விடிகாலையில் ஜன்னலுக்கு வெளியே கூவுகிற குயில் ஆணா பெண்ணா என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே தடுமாறுவார்கள். கூவுவது ஆண். பளபளவென்ற கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் கிக்கிக்கிக் என்று இருக்கும், இனிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல வீடுகளில் பெண் குயிலைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பறவை என்றுதான் நினைக்கிறார்கள். காக்கை கூட்டில் குயில் முட்டையிடும் என்பதைப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, மாடிக்கு எதிரே ஒரு காக்கை, குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்ததே இல்லை. கோடை முடிகிற சமயத்தில் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் பார்க்கலாம்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பிள்ளைகளிடம் முதல் பேச்சிலேயே 'அழிந்துகொண்டிருக்கிறது' என்று ஆரம்பித்துவிடுகிறோம். உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 வந்தால் போதும், சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, செல்போன் கோபுரம் கொன்றுவிட்டது என்று பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. பிள்ளைக்குப் பொய்யான துக்கத்தைக் கொடுக்க வேண்டாமே. அதற்குப் பதில் தெருவில் இறங்கி, இந்தப் புது வீடுகளில் ஒரு குருவி கூடு வைக்க எங்காவது ஓர் இடுக்கு இருக்கிறதா என்று அவர்களையே தேடச் சொல்லலாம். தானியம் தின்னும் சிட்டு, குஞ்சுக்கு மட்டும் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். ஒரு செடிகூட இல்லாமல் சிமென்ட் பூசிய தெருவில் அந்தப் புழு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை இதைத் தானாகவே புரிந்துகொள்ளும். நான் பார்த்திருக்கிறேன்.

மரத்துக்கு வருவோம். மரம் நடுவிழா என்றால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயம். என்ன மரம் என்று கேட்டால் 'மரம் சார்' என்பார்கள். சாலையோரம் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிற குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பக்கத்தது. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வளர்ந்து நிழல் தருகிற ஒரு தூங்குமூஞ்சியை வெட்டச் சொல்லவில்லை, அதில் கூடு கட்டுகிற கொக்குகள் பாவம். ஆனால் பிள்ளையின் கையில் புதிதாக ஒரு கன்றைக் கொடுக்கும்போது அது புங்கையாக, பூவரசாக, நாவலாக, இலுப்பையாக இருக்கட்டும். இடமிருந்தால் ஒரு அத்தி.

ஆல், அரசு, அத்தி இந்த மூன்றைப் பற்றி மட்டும் பிள்ளைகளிடம் எவ்வளவு பேசினாலும் தகும். நாம் பழம் என்று சொல்வதற்குள்ளேதான் அவற்றின் பூக்கள் இருக்கின்றன. கொசுவை விடச் சிறிய ஒரு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு குளவி. அந்தக் குளவி இல்லாவிட்டால் விதை இல்லை. எல்லா மரமும் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை என்பதால் மற்ற பழங்கள் கிடைக்காத மாதத்திலும் எங்காவது ஓர் ஆலமரம் பழுத்துக்கொண்டிருக்கும். குக்குறுவான், குயில், மைனா, கொண்டைக்குருவி, பச்சைப்புறா எல்லாம் அங்கே கூடும், இருட்டிய பிறகு பழந்தின்னி வௌவால் வரும். பழுத்த ஆலமரத்தடியில் பிள்ளையை அரை மணி நேரம் உட்காரவையுங்கள். தலையில் இரண்டு எச்சம் விழும், பரவாயில்லை.

மரம் என்றாலே நல்லது, மரமில்லாத இடம் என்றால் வீண் என்ற எண்ணத்தையும் நாம்தான் விதைக்கிறோம். முள்ளும் புதருமாகக் கிடக்கிற காட்டைத் 'தரிசு' என்கிறோம். அங்கேதான் கௌதாரி இருக்கிறது. வானம்பாடியும் ஆள்காட்டியும் அந்த வெறும் தரையில்தான் முட்டையிடுகின்றன. நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகளை வெறும் நிலம் என்று எண்ணித் தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள். நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான். இப்போது அதே புல்வெளிகளை மீட்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. நல்ல மனதோடு தப்பான இடத்தில் மரம் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் மாநில மரமான பனையில் தூக்கணாங்குருவி கூடு தொங்கினால் சும்மா படம் எடுத்துவிட்டு நகராமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பின்னுவது ஆண். நெல் தோகையை, பனையோலையை நார் நாராகக் கிழித்து வந்து பின்னுகிறது. பாதிக் கூடு முடிந்ததும் நிறுத்திவிட்டு, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெண் வந்து உள்ளே போய்ப் பார்க்கிறது. பிடித்திருந்தால்தான் மீதிக் கூடும் நீண்ட குழாய் வாசலும். யாருக்கும் பிடிக்காவிட்டால் பாதியோடு விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறது. அதே பனையின் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைத்திருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. மரமேறுகிறவரைக் கேட்டால் சொல்வார்.

இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். காடு, பறவை என்றதும் படித்தவர்கள் வந்து பாடம் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த செடி எனக்குத் தெரியாது. இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அவர்கள் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், எடுத்த பிறகு பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கிடமும் விலகி நிற்க வேண்டும், சாரைக்கு விஷமே கிடையாது, ஆனாலும் எதையும் கையால் தொடக் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வேடந்தாங்கல் மக்கள் 1798லேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் எழுத்தில் வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு வைக்கின்றன, தீபாவளிக்கு வெடி கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சுற்றுச்சூழல் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் குஞ்சைப் பிள்ளைகள் தூக்கி வந்துவிடுவார்கள். இறகு முளைத்து, காலூன்றி நிற்கிற குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி வந்தால் போதும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொந்தக்கார வீட்டில் கூண்டுக்கிளி இருந்தால் பிள்ளை முன்னால் 'அழகா பேசுதே' என்று கொஞ்சாதீர்கள். அது ஒன்றையாவது செய்யலாம்.

சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் எல்லாம் எப்படியிருக்கிறது என்று குறித்துப் பதிவிட வேண்டும், அவ்வளவுதான். பள்ளிகள் சேரலாம், தனியாகவும் செய்யலாம். என் மகள் தெருமுனைப் புங்கையை எடுத்துக்கொண்டாள். அது ஒரேயடியாக இலையுதிர்த்துத் துளிர்த்த வாரத்தில் காய்ச்சலோடு எழுந்து போய்க் குறித்துவிட்டு வந்தாள்.

அந்த முருங்கைக் கிளையைச் சொல்ல வேண்டும். மனையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகளே அந்த வீட்டுக்காரரிடம் போனாள். பட்டுப்போன கிளையில்தான் குக்குறுவான் பொந்து குடையும், ஈரமரம் அதற்குக் கடினம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே அந்த ஒரு கிளையை விட்டுவிட்டார். மார்ச் மாதம் கிளைக்குக் கீழே மரத்தூள் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் பொந்துக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நெற்றி. இரண்டு கோடை அப்படிப் போனது. மூன்றாவது வருடம் ஐப்பசிக் காற்றில் கிளை முறிந்து விழுந்தது. விழுந்த துண்டைத் தூக்கி வந்து பொந்துக்குள் விரல் விட்டுப் பார்த்தோம். வாசல் அச்சு வைத்து வெட்டியது போல வட்டம். உள்ளே வழவழவென்று இருந்தது.

இப்போது அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் என்னென்ன பெயர் என்று எழுதி வைக்கிறாள். செம்போத்துக்குச் செண்பகம் என்று ஒரு பெயர் வந்தது. கரிச்சானுக்கு இரட்டைவால் குருவி, வலியன் என்று வந்தன. குக்குறுவானுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை. உங்கள் பக்கத்தில் அதை என்ன சொல்கிறார்கள்? தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, மத்தியானத்தில் டொக் டொக் என்று கத்தும்.