பென்னாகரத்து முதுகுவலிக்கு எந்தப் பக்கத்தில் விடை?

மருத்துவ, செவிலிய மாணவர்களுக்குப் பிரச்சினை வழிக் கற்றல் வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். வேண்டும்தான். எந்த ஊர்ப் பிரச்சினை என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் தன் முதல் மருத்துவ மாணவர்களை இந்த முறையில்தான் படிக்க வைத்தது. சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையை அலசுவார்கள். தெரியாததைக் குறித்துக்கொண்டு போய்த் தாங்களே படித்துவிட்டு வருவார்கள். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊரில் இது பெரிய தவம்!

என்னிடம் கேட்டால் முதல் கதையை இப்படி எழுதுவேன். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துப் பெண், வயது நாற்பத்தைந்து. முதுகு விறைத்துவிட்டது, குனிந்து களையெடுக்க முடியவில்லை. பல வருடங்களாக மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். மகனின் பற்களில் பழுப்புக் கறை.

மாணவர்கள் முதலில் மூட்டுவாதம் என்பார்கள். சொல்லட்டும். யாராவது ஒருவர், "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்கும்வரை காத்திருக்கலாம். அதன்பின் ஒவ்வொன்றாக அவிழும்: பாறையிலிருந்து நீரில் கரைந்து, அளவு மிஞ்சினால் பல்லைக் கறையாக்கி எலும்பையும் மூட்டையும் விறைக்கவைக்கும் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, எக்ஸ்ரேயில் தெரியும் சுண்ணமேறிய தசைநார்கள். ஃபுளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். வலி மாத்திரைகள் நாளடைவில் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடும். உடற்கூறியல், உயிர்வேதியியல், மருந்தியல் எல்லாம் ஒரே பெண்ணின் முதுகில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இந்தப் பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகும் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தால், ஏன் என்று அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. குழுவுக்கு ஓர் ஆசிரியர் என்றால் ஆட்கள் நிறைய வேண்டும். அடிப்படை பலவீனமான மாணவர் திணறுவார். தேர்வு மனப்பாடத்தையே கேட்கும்வரை குழுவில் விவாதித்துவிட்டு இரவில் நோட்ஸைத்தான் புரட்டுவார்கள். 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் சுயமாகக் கற்க நேரம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நேரத்தில் எதை வைத்து விவாதிப்பது என்பதைக் கல்லூரிகள்தான் உருவாக்க வேண்டும்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் வந்துவிட்டது. எங்கோ எழுதப்பட்ட கதைகளை நகலெடுக்காமல், கிராம சுகாதார செவிலியர்களை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதும் நாளுக்குப் படியும் கொடுங்கள்.