எபரான் ஃபாண்டசி இல்லையாம்

எபரான் எண்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில, அதாவது ஆளுக்கொரு பாத்திரமா டைஸ் உருட்டிக் கதை விளையாடுற விளையாட்டில, கதை நடக்கிற ஒரு கற்பனை உலகம். நேற்று எங்கட ஆட்டத்தில என்ன நடந்தது எண்டு வந்திருந்த எல்லாருக்கும் தெரியும். புதுசா விளையாட வந்த பெடியளுக்கு முன்னால "எபரானெல்லாம் ஃபாண்டசியோ? ரயிலும் அகதியும் பாக்கவோ டைஸ் உருட்டுறது?" எண்டு அண்ணை கேட்டார். நீங்களும் சேர்ந்து சிரிச்சியள். நான் அங்க வாய் திறக்கேல்லை. இப்ப சொல்லுறன்: எபரான் ஃபாண்டசிதான். எனக்கு அதைவிடப் பெரிய ஃபாண்டசி இல்லை.

அதே விளையாட்டின்ர இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸை நான் குறை சொல்லேல்லை. அதில வாட்டர்டீப் நகரத்தில தொடங்கினா புது ஆள் தடுமாறாது. 1991இல வந்த டார்க் சன் எண்ட பாலைவன உலகம் எனக்குச் சரியான விருப்பம். இரும்பு கிடைக்கிறது அருமை, தண்ணி கிடைக்கிறதும் அருமை, மந்திரம் போட்டா சுத்தியிருக்கிற பச்சையெல்லாம் கருகும். ஆனா சண்டை முடிஞ்ச பிறகு சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டதில இருந்து கதை தொடங்கிறது எபரானிலதான். நூறு வருசத்துக்கு மேல போர். சயர் எண்ட நாடு ஒரே நாளில அழிஞ்சுது. ஏன் எண்டு அந்த உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. உருவாக்கின கீத் பேக்கரும் விடையை ஆட்டத்தை நடத்துற ஆளின்ர கையில விட்டிட்டார். சயருக்குள்ளால போன மின்னல் ரயில் பாதை அறுந்து, கிழக்கு வேற மேற்கு வேறயாக் கிடக்கு. யாழ்ப்பாணத்துக்கு ஓடின யாழ்தேவி ரயில் போரால 1990இல நிண்டு 2014இலதான் திரும்பி வந்தது. தண்டவாளம் இல்லாத ரயில் பாதையைப் பாத்து வளந்த எனக்கு உது விளங்காதோ?

நான் ஆட்டம் நடத்தின மேசையில ஒரு தங்கச்சி சயர் அகதியா விளையாடினவ. பாலத்தடியில காவலாளி "பேப்பர் எங்க?" எண்டு கேக்க, அவ டைஸைத் தொடேல்லை. தன்ர பாத்திரத்தின்ர விபரம் இருக்கிற கரக்டர் ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில ஊர், தேப்பன்ர பேர், படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் பென்சிலால எழுதி என்னட்ட நீட்டினா. காவலாளிக்கு என்ன வசனம் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

"விளையாட்டுக்குள்ள ஏன் சோகம்?" எண்டு கேப்பியள். கோப்ளின் எண்ட குட்டிப் பூதங்களின்ர குடியிருப்பைக் கொளுத்திறது மட்டும் பம்பலோ? எபரானில அந்தக் கோப்ளின்கள் ஒரு காலம் பேரரசு வைச்சிருந்ததுகள். மனுசர் பிறகு வந்து அந்த நிலத்தில நகரம் கட்டினவை. "எபரானில விதிமுறை நிறைய, குழப்பம்" எண்டும் சொல்லுவியள். வாசிச்சா விளங்கும்.

எனக்கு முதல் டி20, இருபது முகமுள்ள டைஸ், தந்ததே அந்த அண்ணைதான். அதாலதான் கூட நோகுது. எங்கட பெடியள் எந்தக் கதையை விளையாடலாம் எண்டு சிரிச்சுத் தீர்மானிக்கிற உரிமையை ஆர் அவருக்குக் குடுத்தது?

அடுத்த ஆட்டம் நான் நடத்திறன். எபரானின்ர ஷார்ன் நகரத்தில தொடங்கும். நேற்று வந்த பெடியள் எல்லாரும் வாங்கோ. அண்ணையும் வரலாம், முதல் அந்தப் பெடியளிட்ட மன்னிப்புக் கேட்டிட்டு.