டிரைவர் எங்கே, மாப்பிள்ளை?

(காலை ஏழு மணி. பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் மைதானம். சீனியர் அமெச்சூர் போட்டியின் முதல் சுற்று. மாமனாருக்கு 57 வயது. கையுறையை இதுவரை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டார். மருமகனின் தோளில் பை. வழக்கமாகச் சுமப்பவருக்குக் காய்ச்சல். முந்தின இரவு மாமியார் பேச்சுவாக்கில் கேட்டதற்குத் தலையாட்டி வைத்த பாவம் இது.)

மருமகன்: மாமா, நுழைவாயில் மேசையில் என்னை என்னவென்று எழுதிக் கொடுத்தீர்கள்?

மாமனார்: கேடி என்று.

மருமகன்: பெண்ணைக் கொடுத்த வாயால் சொல்கிற வார்த்தையா இது?

மாமனார்: ஐயோ மாப்பிள்ளை, கோல்ஃபில் பை சுமப்பவருக்கு அதுதான் பெயர். கௌரவமான பதவி. மைதானத்தில் எனக்கு யோசனை சொல்ல உங்கள் ஒருவருக்குத்தான் உரிமை.

மருமகன்: வீட்டில் இல்லாத உரிமை. சரி, நான்கு வருடம் இங்கேதான் படித்தேன். இப்படி ஓர் இடம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது.

மாமனார்: நூலகமாவது தெரியுமா?

மருமகன்: இத்தனை பெரியவர்களை ஒரே இடத்தில் பட்டமளிப்பு விழாவில்தான் பார்த்திருக்கிறேன்.

மாமனார்: 55 நிரம்பினால்தான் உள்ளே விடுவார்கள். அமெரிக்காவின் சீனியர் அமெச்சூர் போட்டிக்கும் அதே வயதுதான். அது தொடங்கியதும் 1955-இல். நினைவில் வைப்பது சுலபம். இங்கே நான் சின்னப் பையன், தெரியுமா? நம்மோடு ஆடப்போகிறவருக்கு 78. கை குலுக்கும்போதே என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டார்.

மருமகன்: அதனால்தான் முகத்தில் இத்தனை களையா? ஜெயித்தால் என்ன தருவார்கள்?

மாமனார்: கோப்பை.

மருமகன்: பணம்?

மாமனார்: நாம்தான் கட்டியிருக்கிறோம். அதை விடுங்கள், மட்டைகளை எண்ணினீர்களா? 14-க்கு மேல் ஒன்று இருந்தாலும் குழிக்கு இரண்டு அடியைக் கணக்கில் கூட்டி அபராதம் போடுவார்கள்.

மருமகன்: காரிலேயே எண்ணிவிட்டேன். 15 இருந்தன. ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.

மாமனார்: அடடா, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, அந்தப் பழைய பட்டரைப் பையிலேயே மறந்துவிட்டேன் போலிருக்கிறது. நல்லவேளை! கூப்பிடுகிறார்கள், டிரைவர் எங்கே?

மருமகன்: இதென்ன கேள்வி? நான்தானே ஓட்டி வந்தேன்.

மாமனார்: மட்டை, மாப்பிள்ளை, மட்டை! நீளமான தண்டு, பெரிய தலை.

மருமகன்: ஓ, அதுவா? மற்றதெல்லாம் ஒல்லியாக இருந்தன. அது ஒன்றுக்குத்தான் தலை வீங்கியிருந்தது. தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறும் காலி. பழுதாகிவிட்டது என்று...

மாமனார்: என்று?

மருமகன்: அதைத்தான் எடுத்து வைத்தேன்.

(சிறிது மௌனம். எங்கோ ஒரு பறவை கத்துகிறது. அதுவும் சிரிப்பது போலத்தான் இருக்கிறது.)

மருமகன்: ஓடிப்போய் எடுத்து வரட்டுமா?

மாமனார்: கார் நிற்கும் இடத்துக்குப் போய்வர கால் மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடம் தாமதித்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மருமகன்: அப்படியானால் முதல் குழி முடிந்ததும்?

மாமனார்: 13 மட்டையோடு தொடங்கியிருந்தால் நடுவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். என்னிடம்தான் சுளையாக 14 இருக்கிறதே! இரண்டு பட்டரோடு!

(டிரைவருக்கு அடுத்த நீள மட்டையான மூன்றாம் எண் ‘வுட்’டை எடுத்து அடிக்கிறார். பந்து ஏறக்குறைய 190 கஜம் போய்ப் புல்வெளியின் நட்டநடுவில் நிற்கிறது.)

மருமகன்: நன்றாகத்தானே போனது?

மாமனார்: பேசாதீர்கள்.

(நான்காம் குழி.)

மருமகன்: மாமா, பெரியவர் இப்போது எந்த மட்டையை எடுத்தார் என்று கேட்டு வரட்டுமா? கொடிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டாரே!

மாமனார்: வாயைத் திறக்காதீர்கள்! நீங்கள் கேட்டாலும் எனக்குத்தான் இரண்டு அடி அபராதம். எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். எந்த மட்டை என்று கேட்கக்கூடாது.

மருமகன்: உங்கள் சம்பந்தி வீட்டில்கூட இத்தனை விதி கிடையாது.

மாமனார்: உங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டைச் சொல்கிறீர்களா?

மருமகன்: ஒன்றுமில்லை மாமா, அடியுங்கள்.

(ஐந்து, ஆறு, ஏழு. சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. மாமனாருக்கு அதுவே அதிசயம்.)

மருமகன்: இடப்பக்கத்து மரங்களையே ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

மாமனார்: பயிற்சிக்கு வரும்போதெல்லாம் இந்நேரம் அங்கேதான் பந்து தேடிக்கொண்டிருப்பேன். தேட மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். 2019-க்கு முன்னால் ஐந்து கொடுத்தார்கள். எனக்கு அதுவும் போதாது.

மருமகன்: அங்கே எந்த மட்டை கொண்டுபோகும்?

மாமனார்: டிரைவர்.

(மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது பையின் வாரைப் பிடித்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.)

(பன்னிரண்டாம் குழி. இரண்டாவது அடி குளத்தில் விழுகிறது.)

மாமனார்: போயிற்று. ஓர் அபராதம். வேறு பந்து கொடுங்கள், கீழே போட வேண்டும்.

மருமகன்: ஏன் மாமா திருடனைப் போலக் கால் பக்கமாகப் போடுகிறீர்கள்?

மாமனார்: முழங்கால் உயரத்திலிருந்துதான் போட வேண்டும். முன்பெல்லாம் தோள் உயரம். இடுப்புப் பிடித்துக்கொண்ட வயதில்தான் எனக்கு இந்த ஆட்டம் வந்தது. அதே சமயம் பார்த்து விதியையும் கீழே இறக்கிவிட்டார்கள். பெரியவர் எங்கே?

மருமகன்: பின்னாலேயே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நெற்றியில்தான் இருக்கிறது. சொல்லலாமா, அதற்கும் அபராதமா?

மாமனார்: சொல்லுங்கள், சொல்லுங்கள்.

(பதினெட்டாம் குழி முடிந்து ஸ்கோர் அட்டை கொடுக்கும் கூடாரம். மாமனாரின் அட்டையைப் பெரியவர் எழுதியிருக்கிறார், பெரியவருடையதை மாமனார்.)

மாமனார்: மாப்பிள்ளை! 79 அடி! முதன்முறையாக எண்பதுக்குள்! அடி குறையக் குறைய நல்லதாயிற்றே! உங்கள் அத்தைக்குப் போன் செய்து சொல்லியாயிற்று. அவள் இந்நேரம் தன் அண்ணனுக்குச் சொல்லியிருப்பாள்.

மருமகன்: பெரியவர்?

மாமனார்: 78. வயதும் 78. தன் வயதுக்குச் சமமாக ஆடுவதைத் தனிப் பெருமையாகச் சொல்வார்கள். வயது ஏற ஏறச் சுலபமாகிற காரியம் உலகத்தில் இது ஒன்றுதான். இதே 79-ஐ ஆடினாலும் எனக்கு இன்னும் 22 வருடம் பொறுக்க வேண்டும். பேனா எங்கே? கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

மருமகன்: அட்டையைக் கொஞ்சம் கொடுங்கள்.

மாமனார்: கூட்டல் கமிட்டியின் வேலை, மாப்பிள்ளை.

மருமகன்: இதே வளாகத்தில் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்தே பழகியவன் நான். அதன் பலனை ஒவ்வொரு செமஸ்டரிலும் அனுபவித்தேன்... பன்னிரண்டில் ஐந்து என்று போட்டிருக்கிறாரே?

மாமனார்: ஆமாம், ஐந்து. முதல் அடி ஒன்று, குளம் இரண்டு, கீழே போட்டது...

மருமகன்: அபராதம் மூன்று. அடுத்து அடித்தது நான்கு. பட்டரால் இரண்டு. ஆறு மாமா. அந்தச் சமயத்தில் அவர் மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார்.

(மாமனார் அட்டையைப் பார்க்கிறார். பிறகு போனைப் பார்க்கிறார். பிறகு மறுபடியும் அட்டையை.)

மாமனார்: 1968-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா வீரர் டி விசென்சோ பதினேழாம் குழியில் மூன்றில் முடித்தார். கூட ஆடியவர் நான்கு என்று எழுதிவிட்டார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். 65 ஆடியவருக்கு 66 என்றே எடுத்துக்கொண்டார்கள். ஓர் அடியில் கோப்பை போயிற்று. அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள் வேறு.

மருமகன்: அவருக்குக் கூடிவிட்டது. உங்களுக்குக் குறைந்திருக்கிறது. குறைத்துக் கையெழுத்துப் போட்டால்?

மாமனார்: போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பெரியவரைக் கூப்பிடுங்கள், திருத்திவிடுவோம். 80.

மருமகன்: அத்தைக்கு?

மாமனார்: நீங்களே சொல்லுங்கள். யோசனை சொல்லும் உரிமை உங்களுக்குத்தானே இருக்கிறது!

(கையெழுத்து முடிகிறது. மருமகன் பையைத் தோளில் மாட்டுகிறார். காலையில் இருந்த முனகல் இல்லை.)

மருமகன்: நாளைக்கு இரண்டாம் சுற்று. டிரைவரைப் பையில் வைத்துவிடட்டுமா?

மாமனார்: அது காரிலேயே ஓய்வெடுக்கட்டும். அந்தப் பழைய பட்டரையும் அதற்குத் துணையாகப் போட்டுவிடுங்கள்.

மருமகன்: அப்படியானால் 13 ஆகிவிடுமே. நடுவில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்றீர்களே?

மாமனார்: கார் சாவியை என்னிடம் கொடுங்கள், மாப்பிள்ளை.